மூன்றாவது துப்பாக்கி

எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. பட்டாளத்திலிருந்து வந்தபிறகு புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில் ஒரு வங்கி வாசலில் டபுள் பேரல் துப்பாக்கியோடு காவல் நின்றேன். சாபேகர் சௌக் வழியாகத்தான் வேலைக்குப் போவேன். அங்கே சிலையாக நிற்கும் சாபேகர் சகோதரர்களும் எங்கள் ஊர் வாஞ்சிநாதனும் ஒரே சட்டத்தை மீறியவர்கள்.

அது 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும்; வெள்ளைக்காரனுக்கு விலக்கு. எத்தனை துப்பாக்கி என்பதெல்லாம் அப்போது பேச்சே இல்லை. யார் கையில் என்பதுதான் கவலை. 1857 கலகத்தை வெள்ளைக்காரர்கள் மறக்கவில்லை.

1897-இல் புனேயில் பிளேக். அதை அடக்க வந்த அதிகாரி ராண்ட். சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். சமையலறை, பூஜையறை எதையும் விடவில்லை. ஜூன் 22 அன்று விக்டோரியா ராணியின் வைர விழா விருந்து முடிந்து கணேஷ்கிண்ட் சாலையில் திரும்பிய ராண்டைத் தாமோதர் சாபேகர் சுட்டார். பின்னால் வந்த வண்டியில் இருந்த ராணுவ அதிகாரி அயர்ஸ்டை அவர் தம்பி பாலகிருஷ்ணர் சுட்டார். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3 வரை இருந்தார். காட்டிக்கொடுத்த திராவிட் சகோதரர்களைக் கொன்றவர் இன்னொரு தம்பி வாசுதேவ். மூன்று அண்ணன் தம்பிகளும் தோழர் மகாதேவ் ரானடேயும் தூக்கிலேறினார்கள். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சியிடம் இருந்தது பெல்ஜியத்து பிரௌனிங் கைத்துப்பாக்கி. லைசென்ஸ் சட்டம் இவர்களில் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் வயலில் பன்றி விரட்டிய குடியானவனைத் தடுத்திருக்கும்.

அந்தக் கசப்பால்தான் 1931-இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாகத் தீர்மானத்தில் எழுதியது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு மெல்ல அடங்கிவிட்டது! 1959-இல் புதுச் சட்டம் வந்தபோதும் லைசென்ஸ் லைசென்ஸாகவே நின்றது. எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது 1983-இல்தான்: ஒருவருக்கு மூன்று. 2019 டிசம்பரில் அது இரண்டானது. மசோதாவில் முதலில் ஒன்று என்றுதான் இருந்தது. எதிர்ப்பு வந்ததால் இரண்டு. பாட்டன் சொத்தாக வந்த துப்பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும். ரைபிள் கிளப்காரர்கள் குறி பழகும் துப்பாக்கிகளுக்கு விலக்கு உண்டு.

அமெரிக்காவில் வேறு மாதிரி யோசித்தார்கள். வர்ஜீனியா 1993-இல் மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்றது. அங்கே மொத்தமாக வாங்கி நியூயார்க்கில் கள்ளத்தனமாக விற்றதுதான் காரணம். 2012-இல் அதை நீக்கி, 2020-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். மாதம் ஒன்று என்றாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு. அதற்குப் பெயர் கட்டுப்பாடா? ஒருவரிடம் மொத்தம் எத்தனை என்று கேட்கிற நம் சட்டமே மேல் என்பேன், துப்பாக்கி பிடித்தே பிழைத்தவன் என்றாலும்.

இங்கே 2019 மாற்றத்தின்போது, லைசென்ஸில் மூன்றாவது துப்பாக்கி இருந்தவர்களுக்கு ஒரு வருஷம் அவகாசம் தந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். படையில் இருப்பவர் என்றால் யூனிட் ஆயுதக் கிடங்கில். அந்த அவகாசம் 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் துப்பாக்கி இன்னும் இருந்தால், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.