சம்மர் கேம்ப்: காலை 6 மணிக்கு ஓடினால் வெயில் பிரச்னை தீர்ந்துவிடுமா?

திருப்பதி–காட்பாடி ரயில் பாதையில் இருக்கும் பாகாலா போன்ற ஊர்களில், பள்ளி மாணவர்கள் முழுசாக விளையாட்டுப் பயிற்சி எடுக்கக் கிடைக்கும் காலம் கோடை விடுமுறைதான். ஆந்திரப் பள்ளிகளுக்கு ஏப்ரல் கடைசி வாரம் விடுமுறை தொடங்கினால், மறுபடி திறப்பது ஜூன் 12 வாக்கில். அக்னி நட்சத்திரம் அப்படியே இதற்குள் அடங்கிவிடும். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

உங்கள் அக்கா பையன் கேம்ப்பில் சேர்ந்திருக்கிறானா? "காலையில 6 மணிக்குத்தானே, வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பார்கள் வீட்டில். தரவு வேறு மாதிரி சொல்கிறது.

அமெரிக்காவில் 1980 முதல் 2009 வரை, உடல் வெப்பம் ஏறி இறந்த 58 அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் விவரங்களை ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். பாதிக்கு மேற்பட்ட மரணங்கள் காலைநேரப் பயிற்சியில் நடந்தவை. காரணம், காலையில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். வெறுமனே வழிந்தால் பயனில்லை. அவர்கள் ஹெல்மெட்டும் கவசமும் மாட்டி ஆடுபவர்கள், நம் பிள்ளைகள் டீ-ஷர்ட்டில் ஓடுபவர்கள். அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் வியர்வை வேலை செய்யும் விதம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அதனால்தான் விளையாட்டு மருத்துவத்தில் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவைப் பார்க்கிறார்கள். திறந்தவெளியில் இதில் 70% ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது, 20% வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பம், மீதி 10% சாதாரணக் காற்றின் வெப்பநிலை. நாம் போனில் பார்ப்பது அந்த 10%-ஐ மட்டும்தான்.

முதல் 14 நாள்தான் சிக்கல்

வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். ரத்தத்தில் நீர்மம் கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே ஓட்டத்துக்கு இதயத்துடிப்பு தணியும். ரெண்டு மூணு வாரம் பயிற்சியை விட்டால் இந்தப் பழக்கம் பெருமளவு போய்விடும். பரீட்சை முடிந்து வரும் பிள்ளை ஏறக்குறைய பூஜ்ஜியத்தில்தான் நிற்கிறது.

பள்ளி வீரர்களுக்காக அமெரிக்காவில் 2009-ல் வெளியான வழிகாட்டுதல் 14 நாள் படிப்படியான பயிற்சியைக் கேட்கிறது. முதல் 5 நாள், நாளுக்கு ஒரே ஒரு பயிற்சி, அதுவும் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நம் ஊர் கேம்ப்புகளோ பெரும்பாலும் 15 முதல் 21 நாள். பல இடங்களில் முதல் நாளிலிருந்தே காலையும் மாலையும் பயிற்சி. என் கணக்கில், உடம்பு தயாராகும்போது கேம்ப்பே முடிகிற நிலைக்கு வந்துவிடுகிறது. கோச்சிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'முதல் வாரம் எவ்வளவு நேரம்?'

அஜிலிட்டி பயிற்சி இந்தக் காலத்துக்கு ஒத்துவரும். 5–10 விநாடி வேகம், பிறகு நல்ல ஓய்வு. களைப்பதற்கு முன், வார்ம்-அப் முடிந்த கையோடு செய்ய வேண்டும். தரையில் ஏணி விரித்துக் கால் மாற்றுவது மட்டும் அஜிலிட்டி இல்லை. எதிராளியின் அசைவைப் பார்த்துத் திசை மாற்றுவதுதான் அது. கபடியும் கோ-கோவும் அதைக் காசில்லாமல் கற்றுத் தருகின்றன.

ஆபத்தை எப்படி அறிவது?

பிள்ளை உளறினாலோ, தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்க்கிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. ஓட்டத்தில் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். 108-ஐ அழைத்துவிட்டு, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் தலை மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்து இறக்குங்கள். தொட்டி இல்லையென்றால் ஹோஸ் பைப், ஈரத்துண்டு, விசிறி. நினைவு தப்பினால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதல் 30 நிமிடத்துக்குள் வெப்பம் இறங்கியாக வேண்டும் என்பதால், வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.