கதிர் அறுவடை இயந்திரம்

கதிர் அறுத்தல், அடித்தல் ஆகியவற்றைச் செய்யும் இயந்திரங்களில் முதலில் நிலைபெற்றது அடிக்கும் இயந்திரமே. ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள் அதை 1780களில் உருவாக்கினார். குளிர்காலப் பிழைப்பைப் பறித்ததால், தென் இங்கிலாந்துக் கூலித் தொழிலாளர்கள் 1830இல் அவ்வகை இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

அறுப்பை இயந்திரமாக்குவது இதைவிடக் கடினம். அரிவாள் பிடித்தவர் இடக்கையால் பயிரைப் பற்றிக்கொண்டுதான் வலக்கையால் அரிகிறார். பிடிப்பில்லாத தாள் கத்திக்கு முன் சாய்ந்துவிடும். ரோமானியர் காலத்துக் கால் (Gaul) நாட்டில் மாடு தள்ளிச் சென்ற பல்வண்டி, தாளை விட்டுக் கதிரை மட்டும் கொய்தது. ஸ்காட்லாந்தின் பாட்ரிக் பெல் 1828இல் கத்தரிக்கோல் வரிசையைப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் ஓபெட் ஹசி 1833இலும், சைரஸ் மெக்கார்மிக் 1834இலும் காப்புரிமை பெற்றனர். மெக்கார்மிக்கின் இயந்திரத்தில் சுழலும் சட்டம் பயிரைக் கத்திப் பக்கம் வளைத்தது. விரல் போன்ற இரும்புகள் தாளைத் தாங்க, பல்வெட்டுக் கத்தி இடவலமாக ஓடி அறுத்தது. இடக்கையின் வேலைக்கு ஒருவழியாக ஈடு கிடைத்தது. அவருடன் உழைத்த ஜோ ஆண்டர்சன் என்ற அடிமைத் தொழிலாளியின் பங்கு நெடுங்காலம் பேசப்படாமலே போனது. அறுப்பையும் அடிப்பையும் ஒன்றாக்கிய இயந்திரத்துக்கு ஹைரம் மூர் 1836இல் காப்புரிமை பெற்றார்.

இவை யாவும் காய்ந்த நிலத்துக் கோதுமைக்குப் பிறந்தவை. நெல்வயலின் ஈரத்தில் கனத்த சக்கரம் புதையும். இந்தியாவில் 1980இல் ஸ்வராஜ் அறுவடை இயந்திரம் வந்தபோதும் முதலில் பயனடைந்தது பஞ்சாப்தான். 1990களில் வந்த கிராப் டைகர் போன்ற பெல்ட் வண்டிகள் பாரத்தைப் பரப்பித் தாங்கியதால் சேற்றிலும் இறங்கின.

தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் முதல் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஆரணி வரையிலான பகுதியிலும் இன்று அறுப்புக்கு வாடகை வண்டி வருகிறது. வாடகை மணிக்கணக்கில் என்பதால், மழையில் சாய்ந்த பயிருக்குச் செலவு கூடும். பெண்களுக்குக் கிடைத்துவந்த அறுப்புக் கூலி இதனால் சுருங்கியது. அதற்கு ஈடான வேலை எளிதில் அமைவதில்லை. அடித்த களத்தில் முழுத்தாளாகக் கிடைத்த வைக்கோலை இவ்வண்டி நொறுக்கிச் சிதறவிடுகிறது. அதை வாரிச் சுருட்டிக் கட்ட, டிராக்டரில் பூட்டிய வைக்கோல் கட்டும் இயந்திரம் பின்னால் வருகிறது.