மகர்பட்டா நிலத் திரட்டு

மகர்பட்டா, மகாராஷ்டிரத்தின் புணே நகருக்குக் கிழக்கே, ஹடப்சர் பகுதியில் உள்ள நகரியம். அரசின் நிலமெடுப்பு வரும் முன்பே உழவர்கள் தங்கள் வயல்களை ஒன்றுசேர்த்து, தாங்களே நிறுவனம் தொடங்கி உருவாக்கிய ஊர் என்பதே இதன் சிறப்பு. ஏறத்தாழ 120 குடும்பங்களின் 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதில் சேர்ந்தது. பெரும்பாலோர் மகர் குலத்தைச் சேர்ந்த உறவினர்கள்.

அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை அறிய அன்றைய சட்டங்களைப் பார்க்க வேண்டும். 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி 4ஆம் பிரிவில் அறிவிக்கை வரும். ஆட்சேபம் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு. அவசரம் என்று 17ஆம் பிரிவைக் கையில் எடுத்தால் அதுவும் போய்விடும். எது பொதுப் பயன் என்பதை அரசே முடிவு செய்தது. இழப்பீடு பெரும்பாலும் பதிவான பத்திரங்களின் விலையை ஒட்டியே கணக்கிடப்பட்டது. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது நாடெங்கும் வழக்கம் என்பதால், நிலத்தை இழந்தவருக்குக் கிடைத்த தொகை சந்தை விலைக்கு வெகு கீழே நின்றது. நிலத்தின் விலைக்கு மேல், கட்டாய எடுப்புக்காகத் தரும் ஆறுதல் தொகை 15 சதவீதமாக இருந்து, 1984இல் 30 சதவீதமானது. போதாக்குறைக்கு 1976இன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் இருந்தது. நகரத் திட்டத்தில் விளைநிலத்துக்கு வேறு பயன் குறிக்கப்பட்டுவிட்டால், வரம்புக்கு மேற்பட்டதை அரசு எடுத்துக்கொள்ள அது வழி செய்தது.

புணே மாவட்டத்துக்கு இந்த வலி பழையது. முல்ஷியில் டாட்டா நிறுவனத்தின் மின்திட்ட அணைக்காக அரசு நிலத்தை எடுத்துத் தந்தபோது, 1921இல் உழவர்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். தலைமை தாங்கிய பாண்டுரங்க மகாதேவ் பாபட் சிறை சென்றார். ‘சேனாபதி’ என்ற பட்டம் அவருக்கு அந்தப் போராட்டத்தால் வந்தது. ஆனாலும் அணை வேலை நிற்கவில்லை, ஊர்கள் மூழ்கின.

1980களில் புணே வளர்ச்சித் திட்டம் மகர்பட்டா வயல்களை எதிர்கால நகர்ப்புறமாகக் குறித்தது. கரும்பு விளைந்த நிலத்துக்குத் தரகர்கள் வரத் தொடங்கினார்கள். தனித்தனியே விற்றால் கைக்கு வந்த பணம் சில ஆண்டுகளில் கரைந்துவிடும் என்பதை அக்கம்பக்கத்து ஊர்கள் காட்டியிருந்தன. வேளாண் பட்டதாரியான சதீஷ் மகர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். 1990களின் முற்பகுதியில் திட்டம் மாநில அரசின் முன் வைக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஹஃபீஸ் கான்ட்ராக்டர் வடிவமைப்பில், 2000ஆம் ஆண்டையொட்டி வேலை தொடங்கியது.

இதன் உயிர்நாடி பங்கு முறை. நிலம் கொடுத்தவர் அதன் அளவுக்கு ஏற்ப நிறுவனத்தில் பங்குதாரர் ஆனார். வீடு விற்ற வருவாயில் அவருக்குப் பங்கு வந்தது. ‘சைபர்சிட்டி’ என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கட்டடங்களை வாடகைக்கு விட்டதால், விளைச்சல் நின்ற பிறகும் வருமானம் நிற்கவில்லை. உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் செங்கல், மணல் கொண்டுவரும் ஒப்பந்தங்களையும், தோட்டப் பராமரிப்பு, துப்புரவு வேலைகளையும் எடுத்து நடத்தினார்கள். நடுவில் அதிதி பூங்கா. சுற்றிலும் ஜினியா, காஸ்மோஸ், ஐரிஸ் என்று பூப்பெயர் தாங்கிய குடியிருப்புகள். இதே முறை பின்னர் சிங்ககட் சாலைப் பக்கம் நாந்தேட் சிட்டியிலும் பின்பற்றப்பட்டது.

இதை எல்லா ஊருக்கும் பொருந்தும் மருந்தாகச் சொல்வது தவறு. ஒரே குலம், ஒட்டிக் கிடந்த நிலம், அரசியல் வட்டாரத்தில் செல்வாக்கு, புணேயில் அப்போது பெருகிய கணினித் துறை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வாய்த்தன. ஆந்திரத்தின் புதிய தலைநகராகத் திட்டமிட்ட அமராவதியில் 2015இல் உழவர்களின் நிலம் 30,000 ஏக்கருக்கு மேல் திரட்டப்பட்டது. ஆனால் திரட்டியது அரசு. கிடைத்தது மனைக்கான வாக்குறுதி. 2019இல் ஆட்சி மாறி மூன்று தலைநகரத் திட்டம் வந்ததும் அந்த உழவர்கள் தெருவில் நின்றார்கள். நிர்வாகம் யார் கையில் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

திரட்டாமல் அரசே நேரடியாக நிலத்தை எடுக்க முனைந்த இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்காக 2018இல் போலீஸ் காவலுடன் வயல்களில் அளவுக்கல் நட்டார்கள். நட்ட கல்லைப் பிடுங்கி எறிந்த உழவர்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அந்த நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது.

1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2014 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. தனியார் நிறுவனத்துக்காக எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரும், அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதத்தினரும் இசைய வேண்டும். ஆறுதல் தொகை 100 சதவீதம். எடுப்புக்கு முன் மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்து அதையே பிழைப்பாகக் கொண்ட குத்தகைதாரரும் விவசாயக் கூலியும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று அதில் சேர்க்கப்பட்டுள்ளனர். மகர்பட்டா முறையிலோ பங்கு, நிலம் உடையவருக்கு மட்டுமே. அந்த வயலில் கரும்பு வெட்டிய கூலித் தொழிலாளிக்கு அது பங்கு எதையும் வைக்கவில்லை.