மின் இயந்திரப் பின்பால் மேசை: வரலாறும் பழுதுநீக்கும் முறையும்

பின்பால் என்பது சாய்வான மேசையின் மேல் எஃகுக் குண்டை ஓடவிட்டு, தடைகளில் மோதச் செய்து புள்ளிகள் சேர்க்கும் விளையாட்டு. 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் இறுதி வரை வந்த பெரும்பாலான பின்பால் மேசைகளில் கணினியோ சில்லோ கிடையாது. மின்காந்தம், ரிலே, பற்சக்கரம், மோட்டார் ஆகியவற்றைக் கொண்டே அவை கூட்டல் கணக்குப் போட்டன, ஆட்டக்காரரின் முறையை நினைவில் வைத்தன, ஆட்டம் முடிந்ததை அறிவித்தன. ஆகவே இவை மின் இயந்திர மேசைகள் எனப்படுகின்றன. பள்ளி அறிவியலில் வரும் மின்காந்தப் பாடம் தெரிந்த எவரும் இவற்றின் உட்புறத்தைப் புரிந்துகொள்ளலாம், பழுதும் பார்க்கலாம்.

தோற்றம்

பின்பாலின் மூதாதை பேகடெல் என்னும் பிரெஞ்சு விளையாட்டு. பலகையில் ஆணிகளை அடித்து, குச்சியால் குண்டைத் தள்ளிக் குழிகளில் விழச் செய்வது அது. பாரிஸ் அருகே 1777இல் கட்டப்பட்ட பேகடெல் மாளிகையின் பெயரே விளையாட்டுக்கு வந்தது என்பர். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குடியேறிய மாண்டேக் ரெட்கிரேவ் 1871இல் ஒரு காப்புரிமை பெற்றார். குச்சிக்குப் பதிலாகச் சுருள்வில் பொருத்திய உந்துகோலை அவர் வைத்தார். இன்றைய பின்பால் மேசையின் வலப்பக்கம் இருக்கும் இழுகோல் அதன் வழிவந்ததே.

அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1931இல், சிகாகோவின் டேவிட் காட்லீப் 'பேஃபில் பால்' என்ற மேசையை வெளியிட்டார். விலை 17.50 டாலர். காசு போட்டு விளையாடும் அந்தச் சிறு மேசை கடைகளிலும் மதுக்கூடங்களிலும் பரவியது. வேலையில்லாதவர்களுக்கு மலிவான பொழுதுபோக்காகவும், கடைக்காரர்களுக்கு வாடகை கட்ட உதவும் வருமானமாகவும் அமைந்தது. அதை விநியோகித்தவர்களுள் ஒருவரான ரேமண்ட் மலோனி 'பாலிஹூ' என்ற மேசையைத் தாமே உருவாக்கினார். அதன் பெயரிலிருந்து பாலி நிறுவனம் பிறந்தது. இதன்பின் ஏறத்தாழ முழுத் தொழிலுமே சிகாகோவில் நிலைகொண்டது.

மின்சாரம் வந்த கதை

முதல் மேசைகளில் மின்சாரம் இல்லை. குண்டு விழுந்த குழியைப் பார்த்து ஆட்டக்காரரே புள்ளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1933இல் ஹாரி வில்லியம்ஸ் வடிவமைத்த 'காண்டாக்ட்' மேசையில் குழிக்குள் விழுந்த குண்டை ஒரு மின்காந்தம் வெளியே உதைத்தது, மணியும் ஒலித்தது. மேசையைத் தூக்கியும் குலுக்கியும் ஏமாற்றுவோரைத் தடுக்கும் 'டில்ட்' அமைப்பும் அவருடைய பெயரோடு இணைத்தே சொல்லப்படுகிறது. பிற்கால மேசைகளில் இது கொத்தனாரின் தூக்குக்குண்டு போன்றது. உலோக வளையத்தின் நடுவே குண்டு தொங்கும். மேசை அசைந்தால் குண்டு வளையத்தைத் தொடும், மின்சுற்று மூடும், ஆட்டம் நிற்கும்.

1936இல் பாலி நிறுவனத்தின் 'பம்பர்' வந்தது. கம்பிச்சுருளில் குண்டு மோதியதும் புள்ளி தானாக ஏறியது. 1947இல் காட்லீப் நிறுவனத்துக்காக ஹாரி மாப்ஸ் வடிவமைத்த 'ஹம்ப்டி டம்ப்டி' மேசையில் ஆறு ஃபிளிப்பர்கள் இருந்தன. ஃபிளிப்பர் என்பது பொத்தானை அழுத்தினால் குண்டைத் திருப்பி அடிக்கும் சிறு துடுப்பு. மறு ஆண்டே ஸ்டீவ் கோர்டெக், ஜென்கோ நிறுவனத்தின் 'டிரிபிள் ஆக்‌ஷன்' மேசையில் இரண்டே ஃபிளிப்பர்களை அடிப்பகுதியில் வைத்தார். பின்னாளில் பெரும்பாலான மேசைகள் இந்த அமைப்பையே பின்பற்றின. விளக்குகளால் புள்ளி காட்டும் முறை மாறி, 1950களில் எண்கள் பொறித்த உருளைகள் வந்தன. 1954இல் நான்கு பேர் முறைவைத்து ஆடும் 'சூப்பர் ஜம்போ' வெளிவந்தது.

சூதா, திறமையா?

ஃபிளிப்பர் இல்லாத காலத்தில் குண்டை உந்திவிட்டால் அதன்பின் நடப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டமே. பல கடைகளில் வென்றவருக்குக் காசும் பரிசும் கொடுக்கப்பட்டன. எனவே பின்பாலைச் சூதாட்டக் கருவி எனக் கருதிய நியூயார்க் நகரம் 1942இல் அதைத் தடை செய்தது. மேயர் லா கார்டியாவின் காவல்துறை மேசைகளைப் பறிமுதல் செய்தது. மேயரே சம்மட்டியால் மேசைகளை உடைக்கும் படங்கள் நாளிதழ்களில் வந்தன. லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ ஆகிய நகரங்களிலும் தடை இருந்தது. மேசைகள் உருவான நகரத்திலேயே அவற்றை ஆட முடியாத நிலை அது.

நியூயார்க்கின் தடை 34 ஆண்டுகள் நீடித்தது. 1976இல் நகரமன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் ஆடிக் காட்டினார். குண்டு நடு வழியில்தான் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி இழுகோலை விட்டார். குண்டு சொன்ன வழியிலேயே இறங்கியது. இது திறமை விளையாட்டு என்று குழு ஏற்றது, தடையும் நீங்கியது.

இதே கேள்வி தமிழ்நாட்டுக்கும் புதியதன்று. 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் திறமையால் மட்டும் வெல்லும் விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. குதிரைப் பந்தயம் எந்தப் பக்கம் சேரும் என்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே உச்சநீதிமன்றம் சென்றது. கே. ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு, வெற்றி பெருமளவு திறமையைச் சார்ந்திருந்தால் அது சூதாட்டம் ஆகாது என்றது. மேல்மலையனூர் மாசித் திருவிழா போன்ற பெருங்கூட்டங்களில் வளையம் வீசும் கடையையும் மூன்று சீட்டுக் கடையையும் பிரித்துப் பார்க்க உதவும் அளவுகோலும் இதுதான். கை பழகப் பழக வெற்றி கூடுமானால் அது திறமை. கூடாவிட்டால் அது அதிர்ஷ்டம்.

மேசைக்குள் என்ன இருக்கிறது?

வீட்டு மின்சாரம் முதலில் மின்மாற்றிக்குச் செல்கிறது. அங்கிருந்து விளக்குகளுக்கு ஏறத்தாழ 6 வோல்ட்டும், காந்தச் சுருள்களுக்குப் பெரும்பாலும் 24 முதல் 50 வோல்ட் வரையும் கிடைக்கின்றன. இதற்குமேல் நான்கு வகை உறுப்புகளே முக்கியம்.

முதலாவது, காந்தச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். ஃபிளிப்பர், பம்பர், மணி எல்லாம் இதனால் இயங்குகின்றன.

இரண்டாவது, ரிலே. சிறு மின்காந்தம் ஒரு தகட்டை இழுக்க, அத்தகடு பல தொடுமுனைகளை ஒரே நேரத்தில் மூடும் அல்லது திறக்கும். 'பத்துப் புள்ளி', 'டில்ட்', 'ஆட்டம் முடிந்தது' என ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே உண்டு.

மூன்றாவது, படிப்படியாக நகரும் ஸ்டெப்பர். ஒவ்வொரு துடிப்புக்கும் பற்சக்கரம் ஒரு பல் நகரும். அதோடு சேர்ந்து தொடுவிரல்கள் வட்டத்தகட்டின் மேல் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குச் செல்லும். எத்தனையாவது குண்டு, எத்தனை ஆட்டம் மிச்சம் என்பதை மேசை நினைவில் வைப்பது இப்படித்தான். ஆல்மன் ஸ்ட்ரவ்ஜர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கித் தொலைபேசி இணைப்பகத்தின் அடிப்படையும் இதுவே. பெங்களூரில் 1948இல் தொடங்கிய ஐ.டி.ஐ. நிறுவனம் இந்தியாவுக்காக ஸ்ட்ரவ்ஜர் இணைப்பகங்களைத் தயாரித்தது. அவற்றில் வேலை செய்த தொலைபேசித் துறைப் பணியாளர்களுக்குப் பின்பால் மேசையின் உட்புறம் பழகிய இடமாகவே தோன்றும்.

நான்காவது, ஸ்கோர் மோட்டார். கோயிலில் தீபாராதனையின்போது ஒலிக்கும் மின்மேளத்தில் மோட்டார் சுழல, அச்சிலுள்ள மேடுகள் கோல்களைத் தள்ளித் தாளம் எழுப்புகின்றன. இங்கே மேடுகள் கோல்களுக்குப் பதிலாகத் தொடுமுனைகளைத் தள்ளுகின்றன. 50 புள்ளி சேர வேண்டுமானால் மோட்டார் சுழன்று ஐந்து துடிப்புகளை அனுப்பும், பத்துப் புள்ளி உருளை ஐந்து முறை நகரும்.

பழுது காணும் முறை

பல ஆண்டுகள் மூலையில் கிடந்த மேசையை எடுத்த உடனே மின்இணைப்புக் கொடுக்கக் கூடாது. அமெரிக்க மேசைகள் 120 வோல்ட்டுக்கு அமைந்தவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். இறக்கு மின்மாற்றி தேவை. பழைய மேசைகளில் நில இணைப்பு இல்லாத இருமுனைச் செருகியே இருக்கும். அதை மாற்றி மூன்று முனைச் செருகி பொருத்துவது முதல் வேலை. அடுத்து, மின்னுருகிகளின் அளவைச் சரிபார்க்க வேண்டும். முன்பு யாரேனும் பெரிய அளவு உருகியோ வெறும் கம்பியோ வைத்திருக்கக்கூடும். உருகி அடிக்கடி எரிந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பெரிய உருகி போட்டால் அடுத்து எரிவது சுருளாக இருக்கும்.

பெரும்பாலான கோளாறுகள் தொடுமுனைகளிலேயே பிறக்கின்றன. ஒரு மேசையில் நூற்றுக்கணக்கான தொடுமுனைகள் உண்டு. தூசும் கறையும் படிந்தாலோ இடைவெளி மாறினாலோ மின்சாரம் செல்லாது. வெள்ளி முனைகளை மெல்லிய தேய்ப்புக் கருவியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முனையே தேய்ந்துபோகும். ஃபிளிப்பரின் கடினமான டங்ஸ்டன் முனைகளுக்கு மட்டும் நுண்ணிய அரம் பயன்படும். மூடும்போது ஒரு தகடு மற்றொன்றைச் சற்றே தள்ளி உரசுமாறு வளைத்துவிட வேண்டும். அந்த உரசலே முனையைச் சுத்தமாக வைத்திருக்கும்.

எண்ணெய் விடுவது பலரும் செய்யும் பிழை. காந்தச் சுருளின் தண்டு உலர்ந்தே இயங்க வேண்டும். எண்ணெய் தூசைப் பிடித்து இறுகிப்போகும். ஸ்டெப்பர் மெதுவாக நகர்கிறது என்றால் பழைய மசகு கெட்டியானதே பெரும்பாலும் காரணம். அதைக் கழற்றி, ஆல்கஹாலால் துடைத்து, வில்லின் முறுக்கு மாறாமல் திரும்பப் பூட்ட வேண்டும். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

ஃபிளிப்பர் சுருளில் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பிச் சுற்று வலுவாக இழுக்கும். துடுப்பு முழுதும் எழுந்ததும் ஒரு தொடுமுனை திறந்து, மெல்லிய கம்பிச் சுற்றின் வழியே மின்னோட்டத்தைக் குறைக்கும். அந்த முனை அழுக்கானால் துடுப்பு சோர்ந்து அடிக்கும். அது திறக்காவிட்டால் சுருள் சூடேறிப் புகையும். ஒரே உறுப்பின் இரு கோளாறுகள் இரு வேறு அறிகுறிகளைக் காட்டுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அடிக்கடி காணும் இன்னொரு பழுது, ஆட்டத்தைத் தொடங்கியதும் ஸ்கோர் மோட்டார் நிற்காமல் சுழல்வது. புதிய ஆட்டம் தொடங்கும்போது எல்லா உருளைகளும் பூச்சியத்துக்கு வரும் வரை மோட்டார் சுழல வேண்டும் என்பது அமைப்பு. ஆகவே முதலில் உருளைகளைப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒன்று பூச்சியத்துக்கு வராமல் நின்றிருந்தால் அதன் சுருளிலோ, அதற்குத் துடிப்பு அனுப்பும் முனையிலோ, கெட்டியான மசகிலோ பழுது இருக்கும். எல்லா உருளைகளும் பூச்சியத்தைக் காட்டியும் மோட்டார் சுழன்றால், ஏதோ ஓர் உருளை பூச்சியத்துக்கு வந்ததைச் சொல்லும் முனை தன் வேலையைச் செய்யவில்லை. மீட்டரைத் தொடும் முன்பே, கண்ணால் பார்த்தே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அதன்பின் மின்சுற்று வரைபடம் துணைக்கு வரும். இயங்காத சுருளிலிருந்து தொடங்கி, வரிசையாக வரும் ஒவ்வொரு முனையையும் இணைப்பையும் கடந்து உருகி வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மீட்டரால் தொடர்ச்சி இருக்கிறதா எனப் பாதி வழியில் சோதித்தால், பழுது எந்தப் பாதியில் என்று தெரியும். மீண்டும் அந்தப் பாதியைப் பாதியாக்கலாம்.

முடிவும் இன்றைய நிலையும்

நியூயார்க்கில் தடை நீங்கிய மறு ஆண்டான 1977இல் பெரிய நிறுவனங்கள் நுண்செயலி கொண்ட மேசைகளுக்கு மாறத் தொடங்கின. சில ஆண்டுகளில் மின் இயந்திர மேசைகளின் உற்பத்தி நின்றது. திறமை விளையாட்டு என்ற மதிப்பைப் பெற்றுக்கொடுத்த தலைமுறை மேசைகள், அந்த மதிப்பை நீண்ட நாள் அனுபவிக்கவில்லை.

ஆனாலும் 50, 60 ஆண்டுகளுக்கு முன் செய்த மேசைகள் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர் வீடுகளிலும் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் மூடி முத்திரையிட்ட பகுதி எதுவும் இல்லை. ஒவ்வொரு அசைவும் கண்ணுக்குத் தெரியும், தேய்ந்த உறுப்பை மட்டும் மாற்றலாம், வரைபடம் மேசையோடு சேர்ந்தே வந்தது. இன்று வாங்கும் கருவி கெட்டால் பலகையோடு மாற்றச் சொல்கிறார்கள், அல்லது புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். பயன்படுத்துவோர் தாமே பழுதுபார்க்க வழி வேண்டும் என்ற கோரிக்கை பல நாடுகளில் சட்டமாகி வரும் நிலையில், அதற்கு ஒரு பழைய முன்மாதிரியாக இம்மேசைகள் நிற்கின்றன. இவற்றுக்கு உள்ள ஆபத்து உறுப்புகள் கிடைக்காமல் போவது மட்டுமன்று. வரைபடத்தைப் படிக்கவும் தகட்டைச் சரியாக வளைக்கவும் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அந்த அறிவு அடுத்தவருக்குக் கைமாறும் வரையில்தான் குண்டு ஓடும்.