ஆழம் குறைந்த கடலில் மீன்பிடிப் படகின் நங்கூரம்

ஓரிரு ஆள் ஆழமே உள்ள நீரில் தூண்டிலோ வலையோ இடும் சிறு படகை நகராமல் நிறுத்துவதற்கான நங்கூரமும் கயிறும் இக்கட்டுரையின் பொருள். இதன் தேவையைத் தமிழகத்தில் நன்றாக உணர்த்தும் இடம் பாக் விரிகுடா. கோடியக்கரைக்கும் இராமர் பாலத்துக்கும் இடையே கிடக்கும் இந்தக் கடலின் சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. பல ஊர்களில் படகு கரையைத் தொடாது. இடுப்பளவு நீரில் நிறுத்திவிட்டு மீனவர்கள் நடந்தே கரையேறுகிறார்கள். படகுக்கு இரவெல்லாம் நங்கூரமே காவல்.

கனமான நங்கூரம்தான் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கல்லையும் கான்கிரீட் கட்டியையும் கட்டி இறக்கும் வழக்கத்துக்கு அது பொருந்தும். ஆனால் அங்கும் கணக்கு ஏமாற்றும். 10 கிலோ கருங்கல் நீருக்குள் 6 கிலோ சொச்சமே இருக்கும், கான்கிரீட் 6 கிலோவுக்கும் சற்றுக் கீழே போய்விடும். அதே எடையுள்ள இரும்போ ஏறக்குறைய 8.7 கிலோவைத் தக்கவைத்துக்கொள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் படகை அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கல்லின் எடையோ கூடுவதில்லை. நல்ல நங்கூரம் எடையால் மட்டும் நிற்பதில்லை. அதன் அலகு தரைக்குள் புதைந்து, தனக்கு முன்னால் உள்ள மணலையே அணையாக்கிக்கொள்கிறது.

அலகு புதைவதற்குக் கயிறு தரையோடு சாய்வாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் எந்த நங்கூரமும் பெயர்ந்து வந்துவிடும். ஆழத்தைப் போல 7 மடங்கு கயிறு விட வேண்டும் என்ற பொதுவிதி இதிலிருந்து வந்தது. அவ்வளவு விட்டால் கயிறு தரையோடு 8 டிகிரி அளவிலேயே சாய்ந்திருக்கும். ஆழம் குறைந்த நீரில் பலரும் பிழை செய்வது இந்தக் கணக்கில்தான். ஆழத்தை நீர்மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். கயிறு தொடங்குவதோ படகின் முன்முனையான அணியத்தில். 2 மீட்டர் ஆழம், அணியத்தின் உயரம் 1 மீட்டர், ஓதத்தில் ஏறும் நீர் அரை மீட்டர் என்றால் கணக்கில் கொள்ள வேண்டியது 3.5 மீட்டர். அதற்கு ஏறத்தாழ 25 மீட்டர் கயிறு தேவை. 2 மீட்டரை மட்டும் எண்ணி 14 மீட்டர் விட்டவர் உண்மையில் 4 மடங்கே விட்டிருக்கிறார். நடுக்கடலில் அணிய உயரம் பொருட்டாகாது. இங்கே அது கணக்கையே புரட்டிவிடுகிறது.

கயிற்றின் வகையும் முக்கியம். மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். தளர்ந்த நேரத்தில் இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். நைலான் நீரில் அமிழ்வதோடு நீண்டும் கொடுக்கும், அலையின் உதறலை வாங்கிக்கொள்ளும். நங்கூரத்தை ஒட்டி 3 அல்லது 4 மீட்டர் சங்கிலி சேர்த்தால் இழுப்பு தரையோடு படியும், பாறையில் உராய்ந்து கயிறு அறுவதும் குறையும்.

எந்த நங்கூரம் என்பதைத் தரைதான் முடிவு செய்கிறது. மணலுக்கும் இறுகிய சேற்றுக்கும் தட்டையான இரட்டை அலகுள்ள டான்ஃபோர்த் வகை சிறந்தது. இரண்டாம் உலகப் போரில் துருப்புகளைக் கரையிறக்கும் கலங்களில் இது பயன்பட்டது. 8 மீட்டர் ஃபைபர் படகு மிதமான காற்றில் நிற்க 7 முதல் 10 கிலோ எடையுள்ள ஒன்று போதும். காற்று திசை மாறிப் படகு சுழலும்போது இது பெயர்ந்துவிடலாம். அலகுகளுக்கிடையே சிப்பியோ கல்லோ சிக்கினால் மறுபடி புதையாது. 1933இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் கடல் விமானங்களுக்காக வடிவமைத்த கலப்பை வகை இந்தத் திருப்பங்களை நன்றாகத் தாங்கும், ஆனால் சிறு படகில் வைக்க இடத்தை அடைக்கும். நான்கைந்து கொக்கிகள் கொண்ட நங்கூரம் பாரில், அதாவது கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டு நிற்கும். சேற்றிலோ உழுதுகொண்டே போகும். பாரில் அது மீளாமல் சிக்குவதும் உண்டு. அதனால் கயிற்றை நங்கூரத்தின் அடியில் கட்டி, மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் மட்டும் பிணைப்பார்கள். வலுவாக இழுத்தால் நூல் அறுந்து, நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். நூல் அறக்கூடியது என்பதால் இரவு நிறுத்தத்துக்கு இது உதவாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதே தேவைக்கு வேறொரு வழி கண்டார்கள். அங்கே முழங்கால் அளவு நீரில் தூண்டில் போடுவோர், நங்கூரம் விழும் ஓசைக்கே மீன் கலைவதால், கழியைத் தரையில் ஊன்றிப் படகைக் கட்டினர். அந்தக் கழி பின்னர் இயந்திரமானது. படகின் பின்பக்கத்தில் பொருத்திய ஃபைபர் கழியை நீரழுத்த விசையால் ஓசையின்றி இறக்கும் ‘பவர் போல்’ அதில் பெயர்பெற்றது. 2.4 மீட்டர், 3 மீட்டர் ஆழம்வரை இறங்குபவை மிகுதி. இரண்டு கழி இருந்தால் படகு சுழலாது. பாறையில் இவை பயன்படா. இரவு நிறுத்தத்துக்கும் நம்பத்தக்கவை அல்ல. நம் கழிமுகங்களில் கையால் ஊன்றும் கழியே இவ்வேலையைச் செலவின்றிச் செய்துவிடும்.

நிறுத்திய பின் கரையில் ஒரு கோபுரத்தையும் அதற்கு முன்னால் ஒரு பனையையும் ஒரே கோட்டில் பார்த்து வைக்க வேண்டும். அந்தக் கோடு தொடர்ந்து ஒரே பக்கமாக விலகினால் நங்கூரம் இழுபடுகிறது. கயிற்றில் கை வைத்தால் தெரியும் விட்டுவிட்டு வரும் அதிர்வும் அதையே சொல்லும். பின்பக்கத்திலிருந்து மட்டும் நங்கூரமிடுவது ஆபத்து. இயந்திரம் மாட்டிய தாழ்ந்த பலகையின் மேல் அலை ஏறிவிடும். நீர் வற்றும்போது படகு தன் நங்கூரத்தின் மேலேயே அமர்ந்து அலகால் அடிப்பலகை உடைவது ஆழங்குறைந்த நீருக்கே உரிய விபத்து. புயலில் எந்தச் சிறு நங்கூரமும் போதாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது பாக் விரிகுடாக் கரையிலுள்ள மல்லிப்பட்டினத்தில் கட்டிவைத்த படகுகளும் நொறுங்கின.

கடற்புல் தரையில் தட்டை அலகு புல்லை வாரிக்கொண்டு வழுக்கும். அந்த இடத்தில் தரை வெறுமையாகிவிடும். வேர்த்தண்டோடு பெயர்ந்த புல் மீண்டும் படர ஆண்டுகள் ஆகலாம். பாக் விரிகுடாவின் கடற்புல் ஆவுளியா என்னும் கடற்பசுவின் உணவு, மீன்குஞ்சுகளின் ஒதுங்கிடம். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் இந்தியாவின் முதல் ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. தெளிந்த நீரில் கரும்பச்சைக்கு நடுவே வெளிறித் தெரியும் திட்டு மணல். நங்கூரம் அங்கே விழட்டும், புல்லும் பிழைக்கும், பிடிப்பும் உறுதியாக இருக்கும். எடுக்கும்போது படகை நங்கூரத்துக்கு நேர்மேலே கொண்டுவந்து செங்குத்தாகத் தூக்க வேண்டும். இயந்திரத்தால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.