பத்திரத்தில் கையெழுத்திட்ட ஆசிரியர்கள்

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றில் என் மகள் மடிக்கணினியைச் சமையலறை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தாள். "அப்பா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றாள். ஆசிரியப் பயிற்சிக்கு அரசு தரும் உதவித்தொகைக்கான விண்ணப்பம் அது. படிப்புக் கட்டணத்தை அரசு ஏற்கும், படிக்கும் காலத்தில் கைச்செலவுக்கும் ஒரு தொகை தரும். பதிலுக்கு, படித்து முடித்தபின் குறிப்பிட்ட காலம் நியூஸிலாந்தில் கற்பிக்க வேண்டும். தவறினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கணினி ஆலோசகனுக்கு ஒப்பந்தங்களைப் படிப்பது பாதிப் பிழைப்பு. "கொத்தடிமைப் பத்திரம் மாதிரி இருக்கே" என்றேன்.

"நீங்க வெளிநாட்டுல படிக்கத் தாத்தா வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சீங்களே, அது என்னவாம்?"

"அது கடன்."

"இதுவும் கடன்தான். நீங்க சம்பளத்துல அடைச்சீங்க, நான் பாடம் நடத்தி அடைக்கப் போறேன்."

அன்றிரவு எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. ஆசிரியராகப் போகிறவருக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து, பின்னால் அவருடைய ஆண்டுகளைக் கேட்கும் இந்த ஏற்பாடு எங்கே தொடங்கியது என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னைச் சென்னை எழும்பூருக்கே கொண்டுபோய் விட்டது.

1789இல் ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்றார். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். தன் விடுதி ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுத்தபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து மற்றப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பிக்கச் சொன்னார். நமக்கு இது புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் கண்ணயரும்போது வகுப்பை நடத்தும் சட்டாம்பிள்ளையை நமக்குத் தெரியும். பெல் 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஓர் ஆசிரியர், பல சட்டாம்பிள்ளைகள், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்று மலிவாகப் பள்ளி நடத்த அது வழிகாட்டியது.

மலிவுக்கு உரிய குறைகளும் அதில் இருந்தன. பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது மனப்பாடத்தைத் தாண்டவில்லை. 1846இல் இங்கிலாந்து அரசு மாற்று வழி ஒன்றைக் கொண்டுவந்தது. பதின்மூன்று வயதானவர்களை ஐந்தாண்டுக்கு 'மாணவ ஆசிரியர்' என்று பதிவு செய்து, பகலில் கற்பிக்கவும் மற்ற வேளையில் தலைமையாசிரியரிடம் கற்கவும் வைத்தார்கள். அதற்கு ஊதியமும் கொடுத்தார்கள். முடிவில் போட்டித் தேர்வு. வென்றவர்களுக்கு அரசியின் பெயரால் உதவித்தொகையும் பயிற்சிக் கல்லூரியில் இடமும் கிடைத்தன. தொழிலாளி வீட்டுப் பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, கைக்காசு இல்லாமல் ஒரு தொழிலுக்குள் நுழைய இது வாசலைத் திறந்தது. எழும்பூர்ச் சட்டாம்பிள்ளைக்குக் கிடைக்காத சம்பளம் அவருடைய வழித்தோன்றலுக்குக் கிடைத்தது.

மாணவ ஆசிரியர் முறை குடியேறிகளோடு கப்பலேறி நியூஸிலாந்துக்கும் வந்தது. 1877இன் கல்விச் சட்டம் தொடக்கக் கல்வியை இலவசமாக்கிக் கட்டாயமாக்கியதும் ஆசிரியர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். ஆக்லாந்தில் 1881இல் பயிற்சிக் கல்லூரி திறந்தது. அதே பத்தாண்டின் இறுதியில் பொருளாதாரம் சரிந்தபோது அரசு மானியத்தை நிறுத்தியது, கல்லூரி மூடப்பட்டது. மறுபடி திறக்க 1906 ஆயிற்று. 1930களின் பெருமந்தத்திலும் இதே கதைதான். வெலிங்டன், டனீடன் கல்லூரிகள் மூடப்பட்டன; செலவைக் குறைக்க ஐந்து வயதுக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதையும் நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிறப்பு விகிதம் ஏறி வகுப்பறைகள் நிரம்பி வழிந்ததும் காற்று திசைமாறியது. பல்கலைக்கழக மாணவர்களைத் தேடிப் பிடித்து, மாதப்படி கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஆசிரியர்களாக்கினார்கள்.

என் மகள் காட்டிய விண்ணப்பத்தின் மூதாதைகள் இவை. திறமைக்குப் பரிசு என்றுதான் உதவித்தொகையை நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆசிரியர்களுக்கான உதவித்தொகையின் வரலாறோ பற்றாக்குறையின் வரலாறு. வகுப்பில் நிற்க ஆள் இல்லாதபோது பணம் வருகிறது; ஆள் மிகும்போது, அல்லது கஜானா காயும்போது, முதலில் நிற்பதும் அதுதான். ஆனால் பற்றாக்குறை திறக்கும் வாசல் வழியாக, சாதாரண காலத்தில் யாரும் உள்ளே விட்டிருக்காத மனிதர்களும் நுழைந்துவிடுகிறார்கள். அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று மெரினா கடற்கரையில் நிற்கிறது.

அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம். இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அது இளம் விதவைகளின் விடுதியாக இருந்தது. அதை நடத்தியவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886இல் பிறந்து, பதினோரு வயதளவில் மணமுடித்து, சிறிது காலத்திலேயே கணவனை இழந்தவர். அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

அப்போது பெண்பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர் கிறிஸ்டினா லிஞ்ச். அவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். பெண்குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தால் கற்பிக்கப் பெண் வேண்டும். பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்ப எந்தக் கணவனும் மாமியாரும் சம்மதிக்கவில்லை. மறுபுறம் அக்கிரகார வீடுகளின் பின்கட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையின்றி, மரியாதையின்றி, வெள்ளைப் புடவையில் ஒடுங்கிக் கிடந்தார்கள். மாகாணம் தேடிய ஆசிரியைகள் அங்கே இருந்தார்கள். 1912இல் எழும்பூரில், சுப்பலட்சுமியின் வீட்டிலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெண்களோடு விடுதி தொடங்கியது. அரசு உதவித்தொகை தந்தது. விடுதி வளர்ந்து திருவல்லிக்கேணிக்கும் பிறகு ஐஸ் ஹவுஸுக்கும் நகர்ந்தது. 1922இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வரும் சுப்பலட்சுமிதான். அவரிடம் பயின்றவர்கள் ஆசிரியைகளாக மாகாணமெங்கும் போனார்கள்.

ஒரு விதவைக்கு அந்த மாதத் தொகை என்னவாக இருந்திருக்கும்? பிறந்த வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கும் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டியவளுக்கு, தன் பெயரில் வரும் பணம் அது. கற்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவளுக்குச் சுமையாக இருந்திருக்காது. ஊர் 'ஏன் வெளியே போகிறாய்?' என்று கேட்டால், 'அரசாங்கத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்' என்று சொல்ல அது ஒரு காரணம் கொடுத்தது. நான் கொத்தடிமைப் பத்திரம் என்று சொன்னது வேறொருத்திக்குக் கதவுச் சாவியாக இருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

கதையை இங்கேயே முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கானது. வீட்டார் பெண்ணை அனுப்ப அந்த ஆசாரம் தேவைப்பட்டது என்பது அன்றைய நியாயம். அந்த நியாயத்துக்கு வெளியே நின்ற பெண்கள் எத்தனையோ பேர். சுப்பலட்சுமியே இதை உணர்ந்தவர்போல் பக்கத்து மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்; 1927இல் சாரதா வித்யாலயத்தை எல்லாச் சாதியினருக்கும் திறந்தார். ஆனால் 1930இல் தேவதாசி மரபிலிருந்து வெளியேறிய பெண்கள் தங்க இடம் கேட்டபோது சென்னையின் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர்களுக்காக முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்த கையே யாருக்கு என்றும் தீர்மானித்தது.

அதே கேள்வி நான் வாழும் ஊரின் தெருக்களிலும் கிடக்கிறது. புக்கெகோஹி ஆக்லாந்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. எரிமலை தந்த செம்மண்ணில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் செழிக்கின்றன. அந்தக் காய்கறித் தோட்டங்களில் குனிந்து நின்றவர்கள் மாவோரிகள், சீனர்கள், குஜராத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த இந்தியர்கள். ஆசியர்கள் நிலம் குத்தகைக்கு எடுக்கக் கூடாது என்று 1926இல் இங்கேதான் 'வெள்ளை நியூஸிலாந்துக் கழகம்' உருவானது. இந்தியர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட நேரு மண்டபம் இன்றும் நிற்கிறது. மாவோரிகளின் நிலை இன்னும் மோசம். முடிதிருத்தகங்கள் அவர்களை ஏற்கவில்லை. திரையரங்கில் மாடி அவர்களுக்கு இல்லை. நீச்சல் குளம் வாரத்தில் ஒரு நாள், தண்ணீர் மாற்றுவதற்கு முன், அவர்களுடைய குழந்தைகளுக்குத் திறந்தது. தேநீர்க்கடையில் தனிக்குவளை கண்ட நாட்டிலிருந்து வந்தவனுக்கு இதைப் படிக்க விளக்கவுரை தேவைப்படவில்லை.

1943இல் துனீசியாவில் விழுந்த மாவோரி வீரர் ங்காரிமுவுக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவர் நினைவாகவும் 28ஆம் மாவோரிப் படைப்பிரிவின் நினைவாகவும் 1945இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி, மாவோரி மாணவர்களுக்கு உதவித்தொகை நிதியம் ஒன்றை அமைத்தது. அந்தப் படைப்பிரிவில் சேவை செய்தவர்கள் ஏறத்தாழ 3,600 பேர். இறந்தவர்கள் 649 பேர். ஏழே ஆண்டுகள் கழித்து, 1952இல், புக்கெகோஹியில் மாவோரிக் குழந்தைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்தார்கள். 1966 வரை அது அப்படியே நடந்தது. இன்று புக்கெகோஹி வடக்குப் பள்ளி என்று பெயர் மாறி எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. ஒரே அரசின் ஒரு கை பல்கலைக்கழகத்துக்கு வா என்று காசோலை எழுதியது. மறு கை ஐந்து வயதுக் குழந்தையை வேறு வாசலுக்கு அனுப்பியது. அந்தக் காசோலை வரை வந்துசேர, அந்தக் குழந்தை முதலில் இந்த வாசலைத் தாண்டியிருக்க வேண்டும்.

இந்த இடைவெளியைக் கடக்க வைப்பவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர். 1928இல் ஆக்லாந்துப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தவர் சில்வியா ஆஷ்டன்-வார்னர். மாவோரிக் குழந்தைகளிடையே பல ஆண்டுகள் கற்பித்த அவர், ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் வெள்ளைக்கார வீட்டுச் சொற்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு குழந்தையிடமும் அதன் மனதில் கிடக்கும் சொல்லைக் கேட்டு வாங்கி, அட்டையில் எழுதிக் கொடுத்துப் படிக்க வைத்தார். பயமும் பாசமும் கலந்த அந்தச் சொற்களைக் குழந்தைகள் ஒருமுறை பார்த்தாலே மறக்கவில்லை. 1963இல் வெளிவந்த அவருடைய 'டீச்சர்' நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது.

1990இல் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரே சீரான கட்டணமாக 1,250 டாலர் வந்தது. 1992இல் கட்டணத்தை அந்தந்த நிறுவனமே நிர்ணயிக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டு மாணவர் கடன் திட்டமும் தொடங்கியது. படிப்பு தனிமனிதரின் முதலீடு என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. வங்கிக் கடனில் படித்து வந்த எனக்கு அந்த எண்ணம் இயல்பாகவே பொருந்திப்போனது. வட்டி, தவணை, சம்பள உயர்வு என்று நான் போட்ட கணக்கில் 'யாருக்காகப் படித்தேன்?' என்ற கேள்விக்கு ஒரு நெடுவரிசை இருந்ததில்லை. என் வங்கி என்னிடம் பணத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. என் மகளிடம் ஒரு நாடு அவளுடைய சில ஆண்டுகளைக் கேட்கிறது. இதில் எது அதிகம் கேட்கிறது என்பதைவிட, எது அதிகம் மதிக்கிறது என்று இப்போது யோசிக்கிறேன்.

இதையெல்லாம் பல மாலைகளில் துண்டு துண்டாக அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஐஸ் ஹவுஸ்ல படிச்ச மத்தவங்க பேரெல்லாம் என்னப்பா?"

எனக்கு என் பாட்டி நினைவுக்கு வந்தார். கையெழுத்துப் போடவும் கடிதம் எழுதவும் தெரிந்தவர். எங்கே கற்றீர்கள் என்று சிறுவயதில் கேட்டபோது, "வெள்ளைப் புடவை டீச்சர் சொல்லிக்கொடுத்தா" என்றார். பெயர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாட்டி என் அப்பாவுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார், அப்பா வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து என்னைக் கப்பலேற்றாத குறையாக அனுப்பினார், நான் இந்தச் சமையலறையில் உட்கார்ந்து நிபந்தனைகளில் குறை தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கணக்கின் முதல் வரவு யாரோ ஒரு பெண் பெற்ற மாதத் தொகையாக இருக்கலாம்.

மகள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். அனுப்புவதற்குமுன் என்னை ஒருமுறை பிழை பார்க்கச் சொன்னாள். ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அவள் எழுதியிருந்ததில் ஒரு காற்புள்ளியைத் தவிர நான் எதையும் மாற்றவில்லை.