தாழும் நிலமும் சுழலும் ஆலையும்

மலாயா வரலாறு பயில்வோர் ஒல்லாந்தரை 1641இல் மலாக்காவைக் கைப்பற்றிய கடல் வணிகராகவே அறிவர். தாய்நாட்டிலோ அவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திய போர் நீரோடுதான். அப்போரின் களங்களுள் ஒன்று, தென் ஒல்லாந்து மாநிலத்திலுள்ள கிண்டர்டைக் என்னும் சிற்றூர்.

குழந்தையின் அணைக்கரை என்பது அப்பெயரின் பொருள். 1421ஆம் ஆண்டு வெள்ளத்தில் மிதந்து வந்த தொட்டிலைக் கவிழாதவாறு ஒரு பூனை இப்புறமும் அப்புறமும் தாவிக் காத்தது என்பர். கதை எவ்வாறாயினும் வெள்ளம் மெய். அது விழுங்கிய அண்டை நிலத்தின் ஒரு பகுதி பீஸ்போஸ் என்னும் சதுப்பாக இன்றும் கிடக்கிறது.

கிண்டர்டைக்கை அடுத்து விரியும் ஆல்பிளாசர்வார்ட் நிலப்பரப்பு, தொடக்கத்தில் இவ்வளவு தாழ்ந்திருந்ததன்று. செடிகொடிகள் மட்கிய சதுப்பு மண் அது. இடைக்காலத்தில் குடியேறிய உழவர் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தனர். வடிந்த மண் காற்றுப்பட்டுச் சிதைந்தது, சுருங்கி அமிழ்ந்தது. கரைகளுக்கிடையே அடைபட்ட ஆறுகளோ வண்டல் படிந்து மேலெழுந்தன. வடிக்க வடிக்க நிலம் தாழ்ந்தது; தாழத் தாழ மேலும் வடிக்க நேர்ந்தது. ஒருகாலத்தில் மதகைத் திறந்த அளவில் தானே ஓடிய நீர், பின்னர் வெளியேற வழியின்றித் தேங்கியது. உழவரின் உழைப்பே உழவர்க்குப் பகையாயிற்று!

எனவே 1738இல் நேடர்வார்ட் நீர் வாரியத்தார் எட்டுச் செங்கல் காற்றாலைகளை நிறுவினர். 1740இல் எதிர்ப்புறம் ஓவர்வார்ட் வாரியத்தார் நாணல் வேய்ந்த எட்டு ஆலைகளை எழுப்பினர். பிறவற்றையும் சேர்த்து இன்று அங்கு நிற்பவை 19. இவை மாவரைக்கும் ஆலைகள் அல்ல. இறக்கைகளின் சுழற்சி பல்சக்கரங்கள் வழியே கீழிறங்கித் துடுப்புச் சக்கரத்தை உருட்டும். அச்சக்கரம் நீரை ஏறத்தாழ 1.4 மீட்டர் உயர்த்தித் தேக்கத்தில் விடும். ஆற்றுநீர் தாழும்வரை அங்குக் காத்திருந்து, மதகு திறந்ததும் அந்நீர் வெளியேறும்.

ஆலைக்காரர் தம் குடும்பத்தோடு ஆலைக்குள்ளேயே வாழ்ந்தார். நள்ளிரவில் காற்றெழுந்தாலும் எழுந்து, ஆலையின் தலைப்பகுதியைக் காற்றை நோக்கித் திருப்பி, இறக்கைகளில் பாய்த்துணி விரித்தாக வேண்டும். அவ்விறக்கைகளோ தரையை உரசுவன போல் தாழச் சுழல்பவை. வாயிற்படி தாண்டும் சிறுவரைக் காப்பது தாய்மார்க்கு ஓயாக் கவலை.

1868இல் அங்கு நீராவி இறைப்பு நிலையம் எழுந்தது. பின்னர் மின்பொறியும் டீசல் பொறியும் வந்தன. ஆயினும் இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் அருகியபோது, பழைய ஆலைகளே மீண்டும் நீரிறைத்தன. 1997இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அன்றாட இறைப்பு இன்று பொறிகளின் வேலை. சதுப்பு மண்ணோ இன்றும் அமிழ்ந்து கொண்டேயிருக்கிறது.